ஆறு நிமிடத்துக்கு ஓர் அடி

மஞ்சுப்பாறையில் முதல் அடி எடுத்து வைத்தவர் முடிதிருத்தும் வைரவன், அதுவும் டீக்கடை ராவுத்தருக்கு இடது கன்னம் மழித்து முடித்து வலது கன்னத்தில் நுரை பூசியிருந்த ஒரு புதன்கிழமை காலையில். கத்தி பிடித்த கையை மேலே தூக்கிக்கொண்டு, தொண்டைக்குள் "ம்" என்று ஒரு சத்தம் போட்டு, சரிவுக்குக் கீழே இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் பக்கமாக ஒரே ஒரு அடி வைத்து நின்றார். எங்கே போகிறாய் என்று கேட்க வாயைத் திறந்த ராவுத்தரும் கேள்விக்குப் பதிலாக "ம்" என்றார், நாற்காலியை விட்டு எழுந்தார், கழுத்தில் கட்டிய துணியோடு அதே பக்கம் ஓர் அடி வைத்தார். அந்த "ம்" கடைக்கு வெளியே கொய்யா விற்றவளுக்குப் போனது, அவளிடமிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குப் போனது, ரேஷன் கடை வரிசைக்கும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்புக்கும், மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்த பூசாரிக்கும் போய், கடைசியில் மலைமேல் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வரை ஏறி, அவர்களும் முதுகுக் கூடையோடு சரிவைப் பார்த்து ஓர் அடி இறங்கினார்கள். சற்று முன்புதான் பரிபூரணம் மேடம் வைரவன் கடையைத் தாண்டி வேலைக்குப் போயிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. அவரைக் கவனிக்கும் வழக்கம் எங்களுக்கு விட்டுப்போய் ஆறு வருடமாகியிருந்தது.

ஆறு நிமிடம் கழித்து மறுபடியும் அதுவே நடந்தது, அதற்கடுத்த ஆறு நிமிடத்திலும் நடந்தது, அன்றிலிருந்து நிற்கவேயில்லை. பயந்தோம், பொய் சொல்வானேன், ஆனால் ஒரு நாள்தான் பயந்தோம்; பிழைப்பு இருக்கிற ஊரில் அதற்கு மேல் பயப்பட நேரமில்லை. பொள்ளாச்சியிலிருந்து வந்த டாக்டர் எங்கள் காதைப் பார்த்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், ஆறாவது நிமிடத்தில் தானும் "ம்" என்று ஓர் அடி வைத்தார், பிறகு எல்லாருக்கும் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வைரவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்தியை எடுக்கப் பழகினார். பஸ் டிரைவர் ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓரம் கட்ட, பயணிகள் இறங்கி ஓர் அடி வைத்துவிட்டு, விட்ட பேச்சைத் தொடர்ந்தபடியே ஏறிக்கொண்டார்கள். ஐப்பசியில் ஒரு கல்யாணம், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து ஆறாவது நிமிடம் வந்தது. அவர் ஓர் அடி நகர, பெண்ணும் அதே பக்கம் ஓர் அடி நகர, ஐயரும் நாதஸ்வரக்காரரும் நகர, அட்சதையோடு நின்ற ஊரும் நகர, நகர்ந்த இடத்தில் தாலி கட்டி முடிந்தது. ஒரு குறையும் வரவில்லை, அந்தப் பெண் இப்போது மாசமாக இருக்கிறாள்.

அடி வைத்தவர்கள் திரும்பி வந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், பொங்கிய பாலை இறக்குவார்கள், சீட்டைக் கலைப்பார்கள். ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. "ம்" சொன்னவருக்குக் கொஞ்ச நேரம் அடுத்தவரின் "ம்" காதில் விழாது, காதுக்குள் பஞ்சை அடைத்தாற்போல இருக்கும். அதனால் வந்த அழைப்பு வந்த வழியே திரும்பாமல், வீடு வீடாகத் தாண்டி வெளிப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. எங்கிருந்து கிளம்புகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ராவுத்தர்தான்.

"காலைல எல்லாருக்கும் கால் கீழ போகுது, ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம். சாயங்காலம் மேல போகுது, குவார்ட்டர்ஸ் பக்கம். போன செவ்வாக்கிழமை பூரா பொள்ளாச்சி ரோட்டப் பார்த்துப் போச்சு. அன்னிக்கு யாரு பொள்ளாச்சிக்குப் போனது?" என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்டார்.

கடையில் இருந்த எல்லாருக்கும் பதில் தெரிந்துவிட்டது. அவரவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தோம். சொன்னால் எங்கள் வெட்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வெட்கத்தை நானே சொல்லிவிடுகிறேன். பரிபூரணம் மேடம் ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். ஆறு வருடத்துக்கு முன்னால் கணவர் கோதண்டத்தோடு ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தார். ஒன்பதாவது வாரம் அந்த மனிதர் சமையலறைக்கு பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஊரே போனோம். சாவு வீட்டுக்கு யாரும் கூப்பிட்டுப் போவதில்லை, அங்கே வந்தவர்களை "வாங்க" என்று சொல்வதுமில்லை, கிளம்புகிறவர்கள் "போயிட்டு வர்றேன்" என்று சொல்வதுமில்லை. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும், போய்விட்டோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாசலுக்கு வருகிற முதல் ஆளை அந்த வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லும்போதுதான் வீடு மறுபடி வீடாகும். ஆனால் அந்தக் காரியத்தைக் கோதண்டத்தின் அண்ணன்மார் தங்கள் ஊரிலேயே செய்துவிட்டார்கள். மேடமோ ஐந்தாம் நாளே வேலைக்குப் போனார், போகாவிட்டால் கண்ணாடித் தட்டில் வளர்க்கிற உயிர்கள் செத்துவிடும் என்று. மஞ்சுப்பாறையில் பதினாறாம் நாள் வரவேயில்லை. அவர் "வாங்க" சொல்லட்டும் என்று நாங்கள் இருந்தோம். யாராவது வந்தால்தானே சொல்வதற்கு என்று அவர் இருந்தார். ஒரு வாரம் இப்படிப் போனது, ஒரு மாதம் போனது, பிறகு எவ்வளவு போனது என்று பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

அவர் வீட்டில் இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு. ஒரு தட்டு தூசி பிடித்துவிடக் கூடாது என்று காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலுமாக மாற்றி மாற்றிச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குள் ஒரு குரல் வேண்டுமே என்று ரேடியோவை வைத்துவிட்டு, சந்தையில் கேரட் விலை சொல்கிறவரிடம் "அப்படியா" என்பாராம். இதெல்லாம் பின்னால் அவரே சொன்னது. கேட்டபோது எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

அவர் பேசுகிற ஒரே ஆள் எட்டாம் நம்பரில் இருந்த லில்லிபுஷ்பம், எஸ்டேட் லாரி ஓட்டும் ஞானப்பிரகாசத்தின் மனைவி. அதுவும் துணி காயப்போடும்போது, இடுப்பளவு காம்பவுண்டு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று. ஊர் அடி வைக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் லில்லிபுஷ்பம் மெதுவாகக் கேட்டாள்.

"உங்க ஆபீஸ்ல அப்படி என்னதான் மேடம் வளர்க்கிறீங்க?"

"மண்ணுல இருக்கிற ஒரு உயிர், லில்லி. உடம்பு மொத்தமும் ஒரே ஒரு செல்தான். சாப்பாடு இருக்கிற வரைக்கும் தனித்தனியாத் திரியும், ஒண்ணை ஒண்ணு திரும்பிப் பார்க்காது. சாப்பாடு தீர்ந்துபோனா கூப்பிட ஆரம்பிக்கும்."

"வாயிருக்கா அதுக்கு?"

"வாய் ஏது. ஒரு பொருளை வெளிய கசியவிடும். பக்கத்துல இருக்கிறது அதை வாங்கிக்கிட்டு, கூப்பிட்ட பக்கமா நகரும், தானும் அதே மாதிரி கசியவிடும். அப்புறம் அதுக்குப் பக்கத்துல இருக்கிறது. அப்படியே போகும், ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

லில்லிபுஷ்பத்தின் கையில் இருந்த கிளிப் கையிலேயே நின்றுவிட்டது.

"தெரியும். நம்ம ஊருக்கு வந்திருக்கிறதும் அதேதான். நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் மேடம்.

பிறகு, யாரும் இதுவரை தன் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை என்பதாலோ என்னவோ, ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார். செல்லைச் சுற்றி ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோலில் வாசல்காரன்போல ஒருவன், ஏற்பி என்று பெயர், பாதி உடம்பு வெளியேயும் பாதி உள்ளேயுமாகப் புதைந்து நிற்கிறான். சேதி வந்து அவன் வெளிக்கையைத் தொடும், அதோடு சரி, அது உள்ளே வராது. அவன் உள்பக்கத்துத் தோள் ஒருதரம் திரும்பும். அந்தத் தோளருகே ஜி புரதம் என்று மூன்று பேர் ஒட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். தோள் திரும்பியதும் அதில் ஒருவன் கையிலிருந்த பழைய சீட்டைப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டை எடுத்துக்கொண்டு, மற்ற இருவரையும் விட்டுக் கிளம்பிப் போய் உள்ளே இருப்பவர்களை எழுப்புவான். கொஞ்ச நேரத்தில் அந்தப் புதுச் சீட்டும் அவன் கையிலேயே பழசாகிவிடும். திரும்பி வந்து பழையபடி ஒட்டிக்கொண்டு அடுத்த சேதிக்குக் காத்திருப்பான்.

"அப்ப சேதி உள்ள வராமலே உள்ள தெரிஞ்சிடுதா?"

"சேதி வராது. வந்துச்சுங்கிறது மட்டும் போகும். அது போதும் அதுக்கு."

"கூடிட்டு என்ன மேடம் பண்ணும்?"

"ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரு தண்டா நிக்கும். தண்டா நிக்கிறது செத்துப்போகும். உச்சியில இருக்கிறது பிழைச்சு வேற மண்ணுக்குப் போகும்."

"சரிதான், எங்க மாமியார் வீடு மாதிரி" என்றாள் லில்லிபுஷ்பம். மேடம் சிரித்தார். அவர் சிரித்து லில்லிபுஷ்பம் பார்த்தது அன்றுதான்.

சிரித்து முடித்துவிட்டு மேடம் சொன்னார்: "எங்கிட்ட ஒரு வகை இருக்கு லில்லி. வாசல்ல ஆள் உண்டு, சேதி வந்து தொடும், உள்ள கிளம்பிப் போறவன்தான் இல்ல. சுத்தி லட்சம் செல் ஒண்ணாக் கூடி எந்திரிச்சாலும் அது மட்டும் கிடந்த இடத்துலயே கிடக்கும். இந்த ஊர்ல எல்லாருக்கும் கால் எந்திரிக்குது, எனக்கு மட்டும் வரலை. நானும் அந்த வகை போல. அதான் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுட்டேன். எல்லாரும் ஒரே பக்கமாப் போறதைத் தினமும் பார்த்துக்கிட்டு நிக்க என்னால முடியல."

லில்லிபுஷ்பம் கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டினாள். "முதல்ல கூப்பிடுற செல் எதுன்னு எப்படித் தெரியும் மேடம்?"

"எது எல்லாத்தையும்விடப் பட்டினியாக் கிடக்குதோ அது."

"அது எங்க போகும்?"

"அது எங்கயும் போகாது. மத்ததுதான் அதைத் தேடி வரும்."

இவ்வளவையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டு, துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அந்த நேரம் பார்த்து லில்லிபுஷ்பத்துக்கு "ம்" வந்தது, கால் எழுந்தது, முட்டி காம்பவுண்டு சுவரில் இடித்து ரத்தம் கட்டியது.

படித்தவர், தினமும் தட்டில் அதையே பார்க்கிறவர், இவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். ஒரு சனிக்கிழமை அவர் பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு நின்றிருந்தார், ஆறாவது நிமிடம் வந்தது, நாற்பது ஐம்பது பேர் "ம்" என்று அவர் நின்ற பக்கமாக ஓர் அடி வைத்தோம். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தார், நாங்கள் அதை நோக்கித்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பையை மார்போடு அணைத்து, ஒதுங்கி வழிவிட்டார். ஒருவர் தன்னைத் தேடி வரக்கூடும் என்ற நினைப்பே ஆறு வருடமாக இல்லாதவர் வேறு என்ன செய்வார். அன்று ராவுத்தர் கடைக்குள் போய் அடுப்புக்குப் பின்னால் நின்று அழுதார்.

மாற்றல் உத்தரவு கார்த்திகை மாதம் வந்தது. சாமான் ஏற்ற ஞானப்பிரகாசத்தின் லாரியையே திங்கட்கிழமை காலைக்குச் சொல்லியிருந்தார் மேடம். சனிக்கிழமை மாலை டீக்கடையில் ஊர் கூடியது.

"போய்ச் சொல்லிடலாம்ல, நீங்கதான் கூப்பிடுறீங்கன்னு" என்றான் ஞானப்பிரகாசம்.

"எப்படிச் சொல்லுவ? பட்டினி கிடக்கிறீங்க, ஊருக்கே கேட்டுடுச்சுன்னா? அவங்களுக்கே தெரியாமக் கூப்பிடுறது. மூஞ்சிக்கு நேரா சொன்னா அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?" என்றாள் லில்லிபுஷ்பம்.

"அப்ப நேரா வீட்டுக்குள்ள போயிடலாம்" என்றார் ராவுத்தர். "ஆறு நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுறாங்க, இதுக்கு மேல என்ன கூப்பிடணும்?"

"வாயால சொல்லலையே பாய்" என்றார் வைரவன். "கால் கேட்டுக்கிச்சு, சரி. வாசப்படி தாண்டுறது வேற. இன்னிக்கு வரைக்கும் அது சாவு வீடு. அவங்க வாங்கன்னு சொல்லாம நாம உள்ள போனா, மறுபடி எழவு கேட்கப் போன மாதிரி ஆயிடும்."

ராவுத்தர் சொன்னதும் சரி, வைரவன் சொன்னதும் சரி, அதுதான் கஷ்டம். கடைசியில் ஒரே ஒரு முடிவுக்கு வந்தோம்: நாளை காலையிலிருந்து வைத்த அடியைத் திரும்ப எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து ஏழு மணிக்கு முதல் "ம்" வந்தது, ஊர் ஓர் அடி வைத்து அங்கேயே நின்றது. அடுத்த அழைப்பு வரும்வரை நின்ற இடத்திலேயே காய் நறுக்கினோம், தலை வாரினோம், தினசரி படித்தோம். தூரத்து எஸ்டேட்காரர்கள் மணிக்குப் பத்து அடி வைத்தால் போய்ச் சேர முடியாது என்று பஸ்ஸில் வந்து கடைவீதி முனையில் இறங்கிக்கொண்டு, அங்கிருந்து நியாயமாக ஒவ்வோர் அடியாக வைத்தார்கள். பூசாரி மாரியம்மனிடம் சொல்லிக்கொண்டு கோயிலைப் பூட்டாமலே வந்தார். வெயில் ஏறியது, இறங்கியது, மலையில் மஞ்சு இறங்க ஆரம்பித்தது, ஐந்து மணிக்கு ஏழாம் நம்பர் குவார்ட்டர்ஸின் முன்னால் தெரு நிறைய நாங்கள் நின்றோம், எல்லாருக்கும் முன்னால் வாசற்படியின் கீழ்க்கல்லில் லில்லிபுஷ்பம்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார் பரிபூரணம் மேடம். உள்ளே அட்டைப் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. எங்களைப் பார்த்தவர் யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார், பிறகு எல்லாரும் ஒரே பக்கமாக நிற்பதைப் பார்த்து, ஏதோ புரிந்ததுபோலத் தலையசைத்துவிட்டு உள்ளே போய்ப் பின்கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"வழி விட்டுட்டேன் லில்லி. பின்பக்கம் திறந்திருக்கு. போங்க."

"எங்க மேடம் போகச் சொல்றீங்க?"

"எங்க போயிட்டிருக்கீங்களோ, அங்க."

"வந்துட்டோம் மேடம்" என்றாள் லில்லிபுஷ்பம்.

அப்போது ஆறாவது நிமிடம் வந்தது. தெரு முழுக்க "ம்" என்றது, எல்லாக் கால்களும் எழுந்தன, படியைத் தாண்டாமல் நின்ற இடத்திலேயே இறங்கின. மேடம் எங்கள் கால்களைப் பார்த்தார். எல்லா விரல்களும் அவர் நின்ற சுவரைப் பார்த்து இருந்தன. மெதுவாக அறையின் இடது மூலைக்குப் போய் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தார். "ம்" வந்தது, விரல்கள் இடது பக்கம் திரும்பின. வலது மூலைக்குப் போனார். ஆறு நிமிடம் கழித்து வலது பக்கம் திரும்பின. எதையும் மூன்று தடவை பார்க்காமல் நம்பக் கூடாது என்பது அவர் தொழிலில் பழக்கம், அதனால் வாசலுக்கு நேராக வந்து மூன்றாவது தடவையும் பார்த்தார். அத்தனை நேரமும் ஊர் பொறுமையாக நின்றது. ஆறு வருடம் காக்க வைத்தவர்கள் பதினெட்டு நிமிடம் நிற்க மாட்டோமா.

"நானா?" என்று கேட்டார்.

"நீங்கதான் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"எங்க காதுல விழுந்தது ரெண்டு மாசமா. நீங்க எவ்வளவு நாளாக் கூப்பிடுறீங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றாள் லில்லிபுஷ்பம்.

மேடம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டிய வார்த்தை என்னவென்று அவருக்கும் தெரியும். ஆனால் ஆறு வருடமாக எடுக்காத வார்த்தை, வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. இரண்டு தடவை வெறும் காற்று வந்தது. பிறகு அவர் கால் எழுந்தது, அந்தக் கால் எழுந்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம், எங்களை நோக்கி ஓர் அடி வைத்து வாசற்படியின் மேல்கல்லில் நின்று, கையை நீட்டி லில்லிபுஷ்பத்தின் தோளைத் தொட்டு, "வாங்க" என்றார்.

போனோம். இரண்டு நாற்காலி இருந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தோம் என்று யாரும் எண்ணவில்லை, பெட்டிகள்மேல் உட்கார்ந்தோம், ஜன்னலில் உட்கார்ந்தோம், பின்வாசல் புல்லில் உட்கார்ந்தோம். அவர் கட்டிவைத்த பாத்திரப் பெட்டியை ராவுத்தர் கேட்காமலே பிரித்து டீ போட்டார், இருந்த நாலு டம்ளரைக் கழுவிக் கழுவி ஊரே குடித்தது. கோதண்டம் எப்படிச் சிரிப்பார், எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு நடுவே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த வைரவன், "இருபது நிமிஷம் ஆச்சு, யாருக்கும் கால் எந்திரிக்கலை" என்றார். அன்றைக்கு நின்றது, இதுவரை திரும்ப வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் கிளம்பினோம். முதலில் எழுந்தவள் லில்லிபுஷ்பம். படியில் இறங்கியவள் திரும்பி நின்று, அந்த வாசலில் ஆறு வருடமாக யாரும் சொல்லாததைச் சொன்னாள்: "போயிட்டு வர்றேன் மேடம்."

மேடம் "ம்" என்றார்.

பிறகு ராவுத்தர் சொன்னார், வைரவன் சொன்னார், பூசாரி, பஸ் டிரைவர், ஐப்பசியில் கல்யாணமான அந்தப் பெண், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், கூடைக்காரப் பெண்கள் என்று ஒவ்வொருவராக நின்று போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன் என்று சொல்லிக்கொண்டு இறங்க, அவர் ஒருவரைக்கூட விடாமல் ஒவ்வொருவருக்கும் "ம்" சொன்னார், கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல். கடைசியாக வந்தவன் ஞானப்பிரகாசம். மறுநாள் எத்தனை மணிக்கு வண்டியைக் கொண்டுவருவது என்று அவன் கேட்கவில்லை, அவனும் மற்றவர்களைப்போல, "போயிட்டு வர்றேன் மேடம்" என்றுதான் சொன்னான்.

"லாரி வேண்டாம்ப்பா. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் சாப்பிட வாங்க" என்றார் பரிபூரணம் மேடம்.